நாலு அரியரும் ஒரு வேலையும்: வாசகர் கேள்வி – பதில்

படிப்பை முடிக்க முடியாமல் நிற்பவர்களும், முடித்தும் வேலைக்குப் போக முடியாமல் தவிப்பவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர்களை வெளியிடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் மகன் 2020-ல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தான். 2024-ல் நாலு வருஷம் முடிந்தது. நாலு அரியர் நிற்கிறது. இப்போது செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். "இனிமே எழுதி என்ன ஆகப்போகுது" என்கிறான். விட்டுவிடலாமா?
— ஒரு தாய், திருத்துறைப்பூண்டி

விடவே கூடாது அம்மா. நாலு வருஷக் கல்லூரிக் கட்டணம் கட்டி, ஐம்பதுக்கும் மேற்பட்ட தாள்களைத் தாண்டி வந்திருக்கிறார். இந்த நாலு தாள் முடியாதவரை அரசு வேலைக்கான விண்ணப்பமானாலும் கம்பெனியின் சான்றிதழ் சரிபார்ப்பானாலும் அவர் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்தான்.

முதலில் காலக்கெடு. 2020-ல் சேர்ந்தவர்களுக்கு 2017 ரெகுலேஷன் (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட, தேர்வு விதிகள்) பொருந்தும். அதன்படி எட்டு செமஸ்டர் படிப்பை அதிகபட்சம் 14 செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது 2027-ன் நடுப்பகுதியோடு முடிகிறது. (டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு 12 செமஸ்டர்.) கெடு தாண்டியவர்களுக்குப் பல்கலைக்கழகம் அவ்வப்போது சிறப்புத் தேர்வு அறிவித்திருக்கிறது. அது எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, கட்டணமும் வழக்கத்தைவிட அதிகம். அதை நம்பி உட்காரக் கூடாது.

அடுத்தது மதிப்பெண் கணக்கு. இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதுவதால்தான் பலர் திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள். 2017 ரெகுலேஷனில் இன்டர்னல் (கல்லூரியே தரும் மதிப்பெண்) 20, யூனிவர்சிட்டி தேர்வு 80. தேர்வில் 45 சதவீதமாவது எடுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். இன்டர்னல் 14 இருந்தால் தேர்வில் 80-க்கு 36 போதும். விடைத்தாளில் அது நூற்றுக்கு 45. இன்டர்னல் 8 தான் என்றால் 80-க்கு 42 வேண்டும், விடைத்தாளில் 53 எடுத்தாக வேண்டும். ஆனால் மூன்றாவது தடவையிலிருந்து ஒரு சலுகை உண்டு: இன்டர்னலைச் சேர்த்தும் தேறவில்லை என்றால், தேர்வில் மட்டும் 50 சதவீதம் எடுத்திருந்தாலே பாஸ். ஆகவே "இன்டர்னல் போச்சு, இனி தேறாது" என்று அவர் சொன்னால் அது தவறு. நாலு பாடத்துக்கும் இன்டர்னல் எவ்வளவு, எத்தனையாவது தடவை என்று ஒரு தாளில் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் 45 வேண்டுமா 50 வேண்டுமா என்பதைக் குறித்துக்கொள்ளட்டும்.

வினாத்தாளின் அமைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்வி 10, பதின்மூன்று மதிப்பெண் கேள்வி 5, பதினைந்து மதிப்பெண் கேள்வி 1. பாடத்தில் ஐந்து யூனிட், ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் ஒரு பதின்மூன்று மதிப்பெண் கேள்வி, "அல்லது" போட்டு இன்னொன்று. மூன்று யூனிட் மட்டும் படித்துப் போனால் 39-ம் 12-ம் சேர்ந்து 51 வரை கணக்கு இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கணக்கு பாதியில் நின்றால் கதை முடிந்தது. நாலு யூனிட் படித்தால் 68 கையில் இருக்கும், பத்துப் பதினைந்து போனாலும் தாங்கும். எனவே ஐந்தில் மிகக் கடினமான ஒரு யூனிட்டை விட்டுவிட்டு, அதன் இரண்டு மதிப்பெண் கேள்விகளை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்ற நாலையும் பழைய வினாத்தாள்களை வைத்துப் போட்டுப் பார்ப்பதே நாங்கள் சொல்லும் வழி. கடை வேலைக்குப் போகிறவரால் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. நாலு பாடத்துக்கும் கட்டணம் கட்டட்டும், ஆனால் ஒரு பருவத்தில் இரண்டு பாடத்தை மட்டும் உயிரைக் கொடுத்துப் படிக்கட்டும்.

மெக்கானிக்கல் பிள்ளைகளை வழக்கமாக வீழ்த்துவது கணிதத் தாள்கள், தெர்மோடைனமிக்ஸ், ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர். கடைசித் தாளுக்கு டேட்டா புக் கொண்டுபோகலாம். அதை முதன்முதலாகத் தேர்வு அறையில் புரட்டினால் நேரம் அதிலேயே போய்விடும். இன்னொரு வழக்கமான தவறும் உண்டு. 120 டிகிரி சூட்டில் இருக்கும் தகட்டின் மேல் 20 டிகிரி காற்று வீசுகிறது என்று கணக்கு வந்தால், காற்றின் பண்புகளை 20 டிகிரி வரிசையில் எடுத்துவிடுகிறார்கள். இரண்டின் சராசரியான 70 டிகிரி வரிசையில்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு வரி தப்பினால் அதற்குப் பிறகு வரும் ரெனால்ட்ஸ் எண், நசல்ட் எண், விடை எல்லாமே தப்பு. கணக்குப் போடத் தெரிந்தும் மதிப்பெண் போகிற இடம் இது.

தேர்வு ஏப்ரல்–மே, நவம்பர்–டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை. படித்த கல்லூரி வழியாகத்தான் பதிவு செய்ய வேண்டும். கல்லூரியை விட்டுப் போனவர்களுக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். தேர்வுப் பிரிவு அலுவலரின் எண்ணை வாங்கிவைத்துக்கொண்டு, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அவராகவே கேட்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்ததும் பாடக் குறியீடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கட்டணம் கட்டியும் ஒரு பாடம் விட்டுப்போயிருந்தால் தேர்வு தொடங்கும் முன்னால்தான் சரிசெய்ய முடியும். 45-க்குப் பக்கத்தில் வந்து தோற்றால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் பிறகு மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். முப்பது வாங்கிவிட்டு மறுமதிப்பீடு கேட்பது பணத்துக்குக் கேடு.

ஒரு வேண்டுகோள். பயோடேட்டாவில் "பி.இ. முடித்தவர்" என்று போட வேண்டாம். "பி.இ., 4 பாடம் நிலுவை" என்று போடட்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டால் அந்த வேலையும் போகும், அடுத்த இடத்தில் சொல்ல ஒரு நல்ல பேரும் இருக்காது.

நான் பி.காம். கடைசி ஆண்டு. கரூரில் ஏதாவது கணக்கு வேலைக்குப் போக வேண்டும். டேலி படித்தால் போதுமா?
— ஒரு மாணவி, வேலாயுதம்பாளையம்

டேலி கணக்கு எழுதும் மென்பொருள், ஒரு கருவி, அவ்வளவுதான். உங்களை வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது, மாதம் பிறந்தால் எந்தத் தேதியில் எது நடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா என்பதைத்தான். 7-ஆம் தேதி டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போது பிடித்துவைத்த வருமான வரி) கட்ட வேண்டும் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜி.எஸ்.டி.க்கான விற்பனை விவரம்). 14-ஆம் தேதி 2பி (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) தயாராகிவிடும். 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20-ஆம் தேதி 3பி (ஜி.எஸ்.டி.யைக் கட்டித் தாக்கல் செய்யும் கணக்கு). ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையில் இருந்தால் ஜிஎஸ்டிஆர்-1-க்கு 13, தமிழ்நாட்டில் 3பி-க்கு 22. இதைத் தயங்காமல் சொல்லும் பெண்ணை எந்த ஆடிட்டர் அலுவலகமும் அடுத்த கேள்வி கேட்கும்.

அந்த அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நெசவு நூல் வாங்கிய பில் நம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, 2பி-யில் வரவில்லை. என்ன செய்வாய்?" அந்தப் பில்லில் உள்ள வரியை அந்த மாதம் வரவு எடுக்க, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, கூடாது. விற்றவர் ஜிஎஸ்டிஆர்-1 போட்டாரா, நம் ஜி.எஸ்.டி. எண்ணைச் சரியாகப் போட்டாரா என்று கேட்டு, அவர் சரிசெய்து 2பி-யில் வந்த மாதத்தில் எடுக்க வேண்டும். கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துப் பில்களை வைத்து இதைச் செய்து பழகியவர், ஆறு மாதச் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட ஒரு படி மேலே நிற்பார்.

பயிற்சி நிலையத்தில் சேரும் முன் அவர்களுடைய பயிற்சிக் கணக்குகளை வாங்கிப் பாருங்கள். சாதாரணப் பொருட்களுக்கு இன்னும் 12 சதவீதம், 28 சதவீதம் என்று போட்டுக்கொண்டிருந்தால் அது பழைய பாடம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் போய்விட்டன. டேலி பிரைம் வந்து சில ஆண்டுகள் ஆனபிறகும் பழைய ஈ.ஆர்.பி. 9-ஐ வைத்து நடத்தும் இடங்களும் உண்டு. அங்கே பணம் கட்ட வேண்டாம்.

நீங்கள் இருக்கும் ஊர் உங்களுக்குப் பெரிய பலம். பெட்ஷீட், மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு என்று வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் ஊர் கரூர். ஒவ்வொரு ஏற்றுமதி நிறுவனத்திலும் ஆவணப் பிரிவு இருக்கிறது. அங்கே சம்பளமும் வளர்ச்சியும் வெறும் பில் பதிவு வேலையைவிட நன்றாக இருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (சுங்கத் துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்), பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏறியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது), சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் (எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்று) ஆகிய ஐந்தையும் மாதிரி எடுத்துப் படியுங்கள். உங்கள் ஊர் சரக்கில் பெரும்பகுதி 6302 என்ற எச்.எஸ். தலைப்பில் (சரக்குகளை வகைப்படுத்தும் உலகக் குறியீடு) போகிறது. திரைச்சீலை 6303. பேக்கிங் லிஸ்ட்டில் உள்ள நிகர எடையும் மொத்த எடையும் ஷிப்பிங் பில்லோடு கிலோ பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1-ல் 6ஏ அட்டவணையில் ஷிப்பிங் பில் எண்ணோ ஆறு எழுத்து துறைமுகக் குறியீடோ தவறாகப் போனால் நிறுவனத்துக்கு வர வேண்டிய வரி ரீஃபண்டு அங்கேயே நின்றுவிடும். லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் (எல்.சி., வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிப் பத்திரம்) விற்ற சரக்கென்றால், அதில் வேறு கெடு சொல்லாதபோது கப்பல் ஏறிய 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும். எல்.சி.யில் உள்ள சரக்கு விவரத்துக்கும் இன்வாய்ஸுக்கும் முரண்பட்டால் வங்கி பணம் தர மறுக்கலாம். இந்த வேலைக்கு வேண்டியது கூர்மையான கண். அதைக் கல்லூரியில் இருக்கும்போதே பழக்கிக்கொள்ள முடியும். கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப்புக்கு ஓர் ஏற்றுமதி அலுவலகத்தையே கேளுங்கள். கல்லூரியில் நான் முதல்வன் திட்டப் பாடமாகக் கணக்கோ எக்செல்லோ இருந்தால் அதை மதிப்பெண்ணுக்கு மட்டும் என்று தள்ளிவிடாதீர்கள்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து எட்டு மாதமாக ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். "அப்ரண்டிஸ்" என்றுதான் சேர்த்தார்கள். சம்பளம் ஒரு காண்ட்ராக்டர் தருகிறார். லைனில் போல்ட் மாட்டுகிற வேலை. ஒரு வருஷம் முடிந்தால் சான்றிதழ் கிடைக்குமா?
— ஒரு வாசகர், செய்யாறு

தம்பி, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நீங்கள் சட்டப்படியான அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) இல்லை. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் சேர்த்திருந்தால், உங்கள் பெயரில் ஓர் ஒப்பந்தம் நாட்ஸ் என்ற தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிவாகியிருக்கும், அதற்கென்று ஓர் எண் இருக்கும். டிப்ளமோவும் பட்டமும் முடித்தவர்களுக்கு இதை நடத்துவது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டல தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். இன்றே அந்தத் தளத்தில் உங்கள் ஆதாரைக் கொடுத்துப் பதிவு செய்து பாருங்கள். ஒப்பந்தம் எதுவும் தெரியவில்லை என்றால் நீங்கள் ஒப்பந்தத் தொழிலாளி. அது கேவலமான வேலை அல்ல, ஆனால் அப்ரண்டிஸ் சான்றிதழ் வராது. அப்படியானால் உங்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்க வேண்டும். அதையும் கேளுங்கள்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. டிப்ளமோ முடித்த பிறகு ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவமோ பயிற்சியோ பெற்றவரை அப்ரண்டிஸாகச் சேர்க்க முடியாது. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. அப்ரண்டிஸாக வேண்டும் என்றால் அடுத்த நாலு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். இந்த விதி தெரியாமல் வாய்ப்பை இழந்தவர்களின் கடிதம் எங்களுக்கு அடிக்கடி வருகிறது, படிக்கவே வருத்தமாக இருக்கிறது.

சரியான அப்ரண்டிஸ் பயிற்சி ஒரு வருஷம். 2019 திருத்தத்தின்படி குறைந்தபட்ச உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. இப்போது நடப்பில் உள்ள தொகையைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இல்லாததால் பணம் நிற்பது சகஜம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. முடிந்ததும் வாரியத்தின் சான்றிதழ் கிடைக்கும். நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவை ஆண்டுதோறும் ஆள் எடுக்கின்றன. சேர்ந்த இடத்தில் உடனே வேலை கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் மெயின்டெனன்ஸ், குவாலிட்டி, டூல் ரூம் என்று மூன்று பிரிவிலாவது சுற்றவிடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருஷமும் ஒரே இடத்தில் போல்ட் மாட்டிவிட்டு வருவதற்கு இப்போது இருக்கிற இடமே போதும்.

மகன் பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டது. ஐ.டி.ஐ.யில் போடலாம் என்கிறார்கள். "அதோடு படிப்பு முடிந்துவிடும், பிறகு கம்பி பிடிக்க வேண்டியதுதான்" என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு தந்தை, அரியலூர்

முதல் வேலை, துணைத் தேர்வு. அந்த ஒரு பாடத்தை விட்டுவைக்காதீர்கள், ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் எழுதட்டும்.

உறவுக்காரர்கள் சொல்வது உண்மை இல்லை. பத்தாம் வகுப்போடு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அங்கே இரண்டு வருஷம் முடித்தால் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், இன்னும் மூன்று வருஷம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மொத்தம் ஏழு வருஷம். பிளஸ் டூ வழியாகப் போகிறவருக்கு ஆறு வருஷம். ஒரே ஒரு வருஷம்தான் வித்தியாசம், அதற்குப் பதிலாகக் கையில் ஒரு தொழில் இருக்கும். ஆனால் இதற்கு இரண்டு வருஷ டிரேடு எடுத்திருக்க வேண்டும்: ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலெக்ட்ரீஷியன். வெல்டர் ஒரு வருஷம்தான். நல்ல சம்பளம் தரும் தொழில், ஆனால் இந்தப் பாதை அதில் திறக்காது. சேரும்போது இதைச் சொல்லுவோர் குறைவு.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவரென்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம் (பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம்). 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் புதிய இயந்திரங்களோடு தொழில் 4.0 மையங்கள் வந்திருக்கின்றன. சேரும் முன் நேரில் போய், சி.என்.சி. (கணினி இயக்கும்) இயந்திரம் ஓடுகிறதா, பிள்ளைகளைத் தொடவிடுகிறார்களா என்று பாருங்கள்.

பயிற்சி முடிந்து வேலைக்குப் போகும்போது என்ன கேட்பார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்.எஸ். (சாதாரண எஃகு) ராடை லேத்தில் கட்டிக் கொடுத்து, "எத்தனை ஆர்.பி.எம். வைப்பாய்?" என்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் ஆர்.பி.எம். வெட்டும் வேகத்தை 1000-ஆல் பெருக்கி, விட்டத்தையும் 3.14-ஐயும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலுக்கு நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால் 191. கார்பைடு டூலுக்கு 100 மீட்டர் என்றால் 637. அதே ராடு 25 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் ஆர்.பி.எம். இரட்டிப்பாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் வைப்பவர் டூலை எரிப்பார், இல்லையென்றால் சொரசொரப்பான வேலையைக் கொடுப்பார். அளவெடுக்கும் முன் வெர்னியரின் தாடையை மூடி ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்ப்பவரை சூப்பர்வைசர் அந்த நிமிடமே கவனிப்பார். இந்தப் பழக்கம் இரண்டு வருஷமும் பட்டறையில் நின்றால்தான் வரும். வருகைப் பதிவுக்கு மட்டும் போய்வருகிற பிள்ளைக்கு வராது.

ஐ.டி.ஐ.க்குப் பிறகு ஒரு வருஷம் டிரேடு அப்ரண்டிஸ் போவது நல்லது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல் போன்ற இடங்கள் எடுக்கின்றன. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல்-1 பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்யாணம், பிறகு குழந்தை. நின்றுவிட்டேன். இப்போது மறுபடி படிக்க ஆசை. கல்லூரியில் டி.சி. கேட்டால் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ்களைத் தருவோம் என்கிறார்கள்.
— ஒரு வாசகி, பரமக்குடி

அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. 2018 அக்டோபரில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட அறிவிக்கையில், அசல்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்றும், ஒரு செமஸ்டர் அல்லது ஓர் ஆண்டுக்கு மேல் முன்கூட்டியே கட்டணம் வாங்கக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நீங்கள் படிக்காத ஆண்டுக்குக் கட்டணம் கேட்பது இதற்கு நேர் எதிரானது. படித்த காலத்துக்கு பாக்கி இருந்தால் அது வேறு, அதைக் கட்ட வேண்டும்.

வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் அந்த நகலோடு மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும், பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகார் கொடுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனால் எந்த அலுவலகமும் அசையாது.

ஆனால் டி.சி. வாங்கும் முன் இன்னொன்றை யோசியுங்கள். அதே கல்லூரியில் இடைநிறுத்தத்துக்குப் பிறகு மறுசேர்க்கை கிடைக்குமா என்று தேர்வுப் பிரிவில் கேளுங்கள். கிடைத்தால் தேறிய தாள்கள் அப்படியே நிற்கும், மிச்சத்தை மட்டும் முடிக்கலாம். குழந்தை பெறும் மாணவிகளுக்கு விடுப்பும் வருகைப்பதிவுத் தளர்வும் தர விதிகள் வகுக்கும்படி 2021 டிசம்பரில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு எழுதியிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். மறுசேர்க்கைக்கு வழியே இல்லை என்றால் இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அங்கே மூன்று வருஷப் பட்டத்தை ஆறு வருஷம் வரை எடுத்து முடிக்கலாம். பி.எஸ்சி. ஆய்வக வகுப்புக்கு நேரில் போக வேண்டும் என்பதால், மையம் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கல்விக் கடன் 4 லட்சம். படிப்பு முடிய வேண்டிய ஆண்டு முடிந்துவிட்டது, அரியர் இருக்கிறது, வேலை இல்லை. வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், சேலம்

போனை எடுங்கள், நேரில் போங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்குகிறது. குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாதவர்களுக்கு அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை நீட்டிப்பு தர வங்கிக்கு இடம் இருக்கிறது. ஆனால் அது தானாக வராது. மதிப்பெண் பட்டியலும், இன்னும் பதிவில் இருப்பதாகக் கல்லூரி தரும் கடிதமும் இணைத்து, தவணை தொடங்கும் முன் எழுதிக் கேட்க வேண்டும். தவணை தொடங்கி 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அது உங்கள் சிபில் பதிவிலும் (கடன் வரலாற்றுப் பதிவு), உடன் கையெழுத்திட்ட அப்பாவின் பதிவிலும் நிற்கும்.

10 சதவீத வட்டி என்றால் 4 லட்சத்துக்கு வருஷம் 40,000. மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ வட்டிக்கென்று கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். தவணை தொடங்கும் நாளில் கட்டாத வட்டியெல்லாம் அசலோடு சேரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் என்றால், மத்திய அரசின் வட்டி மானியத்தில் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். படிப்பை நடுவில் விட்டவர்களுக்கு, மருத்துவக் காரணம் தவிர, அந்த மானியம் கிடைக்காது. அரியரை முடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கத்தாரில் டெக்னீஷியன் வேலை, விசா தயார் என்று ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகர், பேராவூரணி

அந்தத் தொகையே பதில். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. அவரது உரிம எண்ணை வாங்கி மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்து வையுங்கள். உள்ளூர் வேலைக்கு "டெபாசிட்" கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. வேலைக்குப் போகும்போது பிரச்சினை வருமா?
— ஒரு வாசகி, தென்காசி

வரும். அப்ரண்டிஸ் பதிவு, பி.எஃப். கணக்கு, வெளிநாட்டு விசா என்று பெயரைப் பொருத்திப் பார்க்கும் இடங்களிலெல்லாம் நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்ற முயற்சி செய்யாதீர்கள். அது தேர்வுத் துறை வரை போகிற நீண்ட வேலை. பத்தாம் வகுப்பில் உள்ளபடியே மற்றவற்றை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் திருத்தலாம். எனவே மையத்துக்குப் போகும் முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து எழுத்தாக எழுதி எடுத்துப் போங்கள், ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். முதலில் ஆதார், அடுத்து பான், பிறகு வங்கிக் கணக்கு, கடைசியாகப் பாஸ்போர்ட் என்ற வரிசையில் போனால் ஒன்றுக்கு ஒன்று ஆதாரமாக அமையும்.